வாசிக்காமல் மூடிய கடிதம்

எங்கள் வீட்டில் கணினியும் ஒன்று, மின்னஞ்சல் முகவரியும் ஒன்றுதான். காலையில் நான் பார்ப்பேன். இந்தக் குளிர்நாட்டில், சென்ட் லோரன்ட் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் வேலை முடித்து வந்து பின்னேரம் மனைவி பார்ப்பா. தடித்த எழுத்தில் கிடப்பதுதான் புதுக் கடிதம் என்று அவவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு திங்கட்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து அவவின் தம்பி எழுதியிருந்தான். திறந்தேன். "அன்புள்ள அக்கா" என்று தொடங்கியது. அடுத்தவருக்கு வந்த கடிதத்தை வாசிப்பது அழகில்லை என்று மூடிவிட்டேன். பெரிய மனிதத்தனம்! நான் திறந்ததில் தடிப்புப் போய்விட்டது. பழைய கடிதமென்று நினைத்து அவ தொடவேயில்லை. நானும் சொல்ல மறந்துபோனேன்.

வியாழக்கிழமை தம்பியின் போன் வந்தது. "அக்கா, நேற்று அம்மாவுக்கு ஒப்பரேசன். உங்கட குரலைக் கேட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போவன் எண்டு நிண்டவ. ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்கு எடுக்க வழியில்லை, நீங்கள் அம்மாவோட கதையுங்கோ எண்டு கடிதம் போட்டனானே, ஏன் போன் எடுக்கேல்லை?"

கடவுள் புண்ணியத்தில் அம்மா தப்பிவிட்டா. கண் விழித்ததும், "பிள்ளைக்கு அங்க ஏதும் வருத்தமோ?" என்றுதான் கேட்டாவாம்.

மனைவி என்னை ஏசவில்லை. "ரெண்டு வரி வாசிச்சிருக்கலாமேயப்பா" என்று மட்டும் சொன்னா.

இப்போது ஆளுக்கொரு முகவரி. ஆனால் தன்னுடைய கடவுச்சொல்லை அவ எனக்கு எழுதித் தந்திருக்கிறா. அவ வேலையில் நிற்கும்போது வரும் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன். வாசித்த கையோடு தொழிற்சாலைக்குப் போன் எடுக்கிறேன்.