வரும் வண்டிக்குக் குரல் இல்லை

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. குரலும்தான். இளம் வயதில் அவள் பதிவு செய்து கொடுத்த அறிவிப்புகளே இன்றைக்கும் அங்கே ஒலிபெருக்கியில் ஓடுகின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளுடைய கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் நின்று டீ குடிக்கும் டிரைவர்களை அவள் சும்மா விடமாட்டாள். அதிலும் வெகுதூரம் போகும் வண்டியின் கடைசி ஊர்மேல் அவளுக்குத் தனிப் பித்து. "அங்க எறங்கினதும் கடல் தெரியுமா, இல்ல நடக்கணுமா?" என்பாள். கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு கேள்வி மாறியது. "அங்கருந்து திரும்புற வண்டி எப்போ?" தலை நரைத்தபோது இன்னும் மாறியது. "வழியில நிறுத்துற இடத்துல பாத்ரூம் சுத்தமா இருக்குமா?"

"என்னக்கா, கடல்ல ஆரம்பிச்ச ஆசை பாத்ரூம்ல வந்து நிக்குது?" என்று ஒரு டிரைவர் கேட்டு, அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஓய்வு பெறும் சமயத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. "எல்லாரும் பத்திரமா எறங்கினாங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், தானே போய் இறங்கியதுபோல் நிம்மதியாகிவிடுவாள்.

அந்தக் கடைசி ஊருக்கு அவள் போனதேயில்லை. தங்கைதான் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

பதிவு நடந்த நாளில் ஒரு தவறு நேர்ந்தது. ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். 'செல்லும்' என்பதற்கு முன்னால் குரல் ஏற வேண்டும். 'இருந்து வரும்' என்பதற்கு இறங்க வேண்டும். கடைசி ஊரைப் போகிற விதத்தில் சொல்லும்போது அவளையறியாமல் ஒரு பெருமூச்சும் சேர்ந்து பதிவாகிவிட்டது. "பரவாயில்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றார் பதிவு செய்தவர். அதற்குள் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரமாகிவிட, அவள் ஓடினாள். வருகிற விதத்தைச் சொல்லவே இல்லை. அதனால் அந்த ஊருக்குப் போகும் வண்டியை மட்டும்தான் ஒலிபெருக்கி கூப்பிடும். அங்கிருந்து வரும் வண்டி வாய்மூடி வந்து நிற்கும். "அந்த ஊருக்குப் போனா போனதுதான்" என்று கண்டக்டர்கள் கேலி பேசுவார்கள்.

பிறகு தொண்டையில் ஆபரேஷன். பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆனால் வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம். அன்றிலிருந்து அவள் போனில் யாரோடும் பேசுவதில்லை. தங்கையோடு பேசுவதும் மகள் மூலமாகத்தான்.

தங்கை தன் ஊருக்கு வரச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் இவள் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தாள். நாலாவது தடவை மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சித்தி சொல்லிட்டாங்க. இந்தத் தடவையும் நீ வரலைன்னா, எனக்கு அக்காவே இல்லைன்னு நெனச்சுக்கறேன்னு. ஊரையெல்லாம் பஸ்ல ஏத்தி விட்டியே, நீ மட்டும் ஏன்மா ஷெட்டுலயே நிக்கறே?"

மைக் அக்கா பையை எடுத்துக்கொண்டாள்.

நல்ல வெயில் நேரம். நிலையத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் அந்தப் பெருமூச்சு, பிறகு ஊர்ப்பெயர். எத்தனையோ முறை கேட்டதுதான். இன்றைக்குத்தான் அந்த மூச்சு மேலேயிருந்து வராமல், பக்கத்து நாற்காலியிலிருந்து வந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. நாற்காலி மட்டும், இப்போதுதான் ஒருவர் எழுந்து போனதுபோல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

'போகணும்னு ஆசைப்பட்டவ அந்த மூச்சை விட்டவதானே' என்று தோன்றியது. 'எனக்கெங்கே ஆசை?' ஆனால் தங்கையின் முகம் கண்ணில் நின்றது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வண்டியருகே போனாள்.

கண்டக்டர் புதியவன். டிக்கெட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.

"இந்த சீட்ல ஆள் உக்காந்தாச்சேம்மா."

"டிக்கெட் என் கையில இருக்கே?"

அவளுடைய குரலைக் கேட்டு அவன் ஒரு அடி பின்வாங்கினான். "அந்தம்மாவும் இதே பேருதான் சொன்னாங்க. ரொம்பத் தெரிஞ்ச குரலா இருந்துச்சு. அதான் டிக்கெட்டே கேக்கல. கொஞ்சம் இருங்க, விசாரிக்கறேன்."

ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. இளம் பெண்ணின் முழங்கை. சின்ன வயதில் கொதிநீர் பட்டுத் தனக்கு வந்த தழும்பு அதே இடத்தில் இருந்ததை மைக் அக்கா பார்த்தாள்.

"வேண்டாம், விடுப்பா" என்றாள். வண்டி கிளம்பியது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. முட்டி வலிகூடக் குறைந்ததுபோல் இருந்தது.

"மறுபடியும் திரும்பிட்டியா?" மகள் கதவைத் திறந்ததும் கத்தினாள். "நான் சொல்லமாட்டேன். சித்திக்கு நீயே போன் பண்ணு, உன் வாயால சொல்லு."

அவள் பண்ணவில்லை. மறுநாள் காலை மகள் குளித்துக்கொண்டிருந்தபோது மகளுடைய போன் அடித்தது. திட்டு வாங்கத் தயாராக எடுத்துக் காதில் வைத்தாள்.

"பாப்பா, உங்கம்மா நல்லபடியா வந்து சேர்ந்துட்டாடி!" தங்கையின் குரல் துள்ளியது. "தொண்டை போச்சு, குரல் போச்சுன்னு என்னை என்ன பயமுறுத்தினே! அப்படியே பழைய குரல். வந்ததும் கடலைப் பாக்கப் போகலாம்னு நச்சரிக்கறா, சின்னப் புள்ள மாதிரி."

மைக் அக்காவின் வாயிலிருந்து கதவு திறக்கிற சத்தம் வந்தது.

"யாருங்க அது? வீட்டு வேலைக்கு வந்தவங்களா?"

நான்தான்டி என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் அங்கே என்ன ஆகும்? தங்கைக்கு மறுபடியும் அக்கா இல்லாமல் போய்விடும்.

"ஆமாங்க" என்றாள். "அவங்க... எப்போ திரும்பி வராங்களாம்?"

தங்கையின் குரல் தணிந்தது. "அதாங்க புரியல. அதைக் கேட்டா மட்டும், வாயைத் திறந்தாலும் வார்த்தையே வரமாட்டேங்குது."

அந்தப் பக்கம், தங்கையின் போனுக்கு மிக அருகில், யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "யாரும்மா போன்ல?"

"சித்தி" என்றாள் மைக் அக்கா, போனை மெதுவாக மேஜைமேல் வைத்து. "அம்மா பத்திரமா எறங்கிட்டாங்களாம்."