காலி குவார்ட்டர்ஸில் கேட்ட ஆண்குரல்

வடித்த கஞ்சியின் வாசனை வந்தால் எங்கள் வீட்டில் யாரோ ‘நைட்’ முடித்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். குக்கர் விசிலடித்தால் தூக்கம் கெடும் என்று அம்மா அந்த வாரம் முழுக்கப் பானையில்தான் சோறு வடிப்பாள். நெய்வேலியில் ஷிஃப்ட் போகும் வீடுகளில் இதெல்லாம் வழக்கம்தான், ஆனால் மற்றவர்களுக்கு அது ஒரு வாரத்தோடு முடியும். எங்களுக்கு முடிந்ததே இல்லை. மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த சித்தப்பா, சித்தியோடும் மூன்று பிள்ளைகளோடும் எங்கள் இரண்டு அறை குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டார். அப்பா பர்மனென்ட், சித்தப்பா கான்ட்ராக்ட். ஒருவருக்கு நைட் முடிந்தால் இன்னொருவருக்கு நைட் தொடங்கும். ஆகவே பகலில் கூடத்தின் நடுவில் எப்போதும் ஓர் ஆண் தூங்கிக்கொண்டிருப்பார், நாங்கள் அவரைத் தாண்டித் தாண்டி வாழ்ந்துகொண்டிருப்போம்.

“மெதுவா பேசுடி, தூங்கிக்கினு இருக்காரு இல்ல?” என்பதைத்தான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். தம்பி கத்தினால் “வெளிய போய் ஆடுடா” என்பார்கள். நான் கத்தினால் வாய்மேல் ஒன்று விழும். அவனுக்கு ஊரே வெளி. எனக்கு வெளி என்றால் துணி காயப்போடும் கொடி வரைக்கும்தான். குளியலறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால்கூடச் சித்தியின் பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் டீச்சர் என்னைப் பாடம் வாசிக்கச் சொல்லிவிட்டு, “உனக்கு வாய்ன்னு ஒண்ணு இருக்கா?” என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

எங்கள் வரிசையின் கடைசி வீடு காலியாகக் கிடந்தது. குடியிருந்தவர் ரிடையர் ஆகிப் போனபின் யாருக்கும் ஒதுக்கவில்லை. பின்கதவின் தாழ்ப்பாள் கழன்றிருந்ததைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பள்ளி விட்டதும் அரை மணி நேரம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். முதலில் சும்மாதான் உட்கார்ந்தேன். “தண்ணி மொண்டாடி”, “பாப்பாவ பாத்துக்கோ” என்று யாரும் கூப்பிடாமல் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காருவது எவ்வளவு பெரிய சுகம் என்று, தனக்கென்று ஓர் அறை இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. பிறகு ஒருநாள் வரலாற்றுப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்தேன். வெற்று அறை அந்தக் குரலைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. ஐயோ, இது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

என்னுடைய குரல் கீச்சுக் குரல் இல்லை. நெஞ்சிலிருந்து வரும் கனமான குரல். அதை வைத்து என்னென்னவோ செய்தேன். பண்ருட்டி மண்டியில் பலாப்பழ வியாபாரியாக ஒருமுறையும் வாங்க வந்தவளாக ஒருமுறையும் பேரம் பேசினேன். ராஜாவாகக் கட்டளையிட்டுவிட்டு, மந்திரியாக அதை எதிர்த்து வாதாடினேன். வாதாடுவது எனக்குப் பிடிக்கும் என்பதும் நான் பெரிய கோபக்காரி என்பதும் எனக்கே அங்கேதான் தெரிந்தது. பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். டீச்சர் நம்பாமல் பார்த்தார்; பரவாயில்லை, அன்றைக்குப் பேசும்போது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் எதிர் வரிசை மல்லிகா அத்தை எங்கள் வீட்டுக்குள் வந்து, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவையே எழுப்பினாள். எங்கள் காலனியில் யார் வீட்டு ஆம்பளைக்கு எந்த ஷிஃப்ட் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கணக்கை வைத்துத்தான் அவள் என்னைப் பிடித்தாள்.

“உங்க பொண்ணு காலி வூட்டுல ஆம்பள கூட பேசிக்கினு இருந்திச்சிங்க. ஆம்பள கொரலு, என் காதால கேட்டேன். நீங்க இங்க தூங்குறீங்க, உங்க தம்பி டூட்டில இருக்காரு. அப்ப அது யாரு?”

“யாருடி அவன்?” என்றார் அப்பா.

“யாரும் இல்லப்பா. நான்தான் ரெண்டு கொரல்லயும் பேசினேன்.”

“எங்க, பேசிக் காட்டு.”

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். சுற்றி அம்மா, சித்தி, பிள்ளைகள், வாசலில் அத்தை. அப்பாவின் பாய் இன்னும் சுருட்டப்படாமல் கிடந்தது. அந்தக் கூடத்தில் நான் ஒருநாளும் முழுக் குரலில் பேசியதில்லை. வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் அத்தை.

அன்று விழுந்த அடியைவிட மறுநாள் நடந்ததுதான் எனக்கு வலித்தது. அப்பா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, போட்டியிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னார். தம்பியை எனக்குக் காவல் போட்டார்கள். பத்து வயசுப் பொடியன், என் பின்னால் நாட்டாமை மாதிரி நடந்து வந்தான். ஒரு பெண்ணுக்குத் தனியாக இருக்க என்ன காரணம் இருக்க முடியும்? இவர்களிடம் ஒரே பதில்தான்: ஒருத்தன். வேறொன்றை நினைத்துப் பார்க்க இவர்கள் யாருக்கும் துப்பில்லை.

போன மாதம் அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய உதவப் போயிருந்தேன். கடைசி வீடு இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்களாம், எருக்கஞ்செடி மண்டிக் கிடந்தது. மல்லிகா அத்தை குடும்பமும் எங்கோ போய்விட்டது. அன்று அவள் சொன்னது பொய் என்று சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

மூட்டை கட்டிக்கொண்டிருந்த அப்பா, நான் அங்கே நின்றதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல என் தோளில் கை வைத்தார்.

“சின்ன வயசு, தெரியாம செஞ்சிட்ட. நான் அத எப்பவோ மன்னிச்சிட்டேம்மா.”

கையை எடுத்துவிட்டேன்.

“நான் இன்னும் மன்னிக்கலப்பா” என்றேன்.