பயண ஜாக்கெட் திரும்பி வந்த கடை

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பனி கொட்டுகிறது. குளிருக்கு ஒதுங்கி, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆண்கள் உடைக் கடைக்குள் நுழைகிறேன். சுவரில் அந்த நிறுவனத்தின் பழைய படங்கள் இருக்கின்றன. ஒன்றில் கடைக்குள்ளேயே ஜீப் நிற்கிறது, சுற்றிலும் காக்கிச் சட்டைகள். பயணிகளுக்காகத் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் அலுவலக சூட்டுகளுக்கு மாறிவிட்டது. இப்போது பைகள் நிறைந்த பயண ஜாக்கெட்டை மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த ஜாக்கெட்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் விற்பனைப் பெண், நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு, "அண்ணை இந்தியாவோ?" என்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒன்பது வருடமாக இங்கே வேலை.

"ஆமாங்க, சென்னை. பயண ஜாக்கெட் விக்கிறீங்களே, நீங்க எங்கெல்லாம் பயணம் போயிருக்கீங்க?"

"ஒரு இடமும் இல்லை. அகதி வழக்கு இழுபட்டதாலை நாட்டை விட்டு வெளியிலை போகேலாமல் கிடந்தன். வழக்கு முடிஞ்சு, குடியுரிமையும் கிடைச்சு, போன கிழமைதான் பாஸ்போர்ட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குப் போறன், அக்காவைப் பார்க்க. கண்டு பதினாறு வருசம்."

இருப்பதிலேயே சிறிய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். தோள் தொங்குகிறது. கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஜாக்கெட்டின் ஒவ்வொரு பையிலும் வைத்துப் பார்க்கிறார். நெஞ்சுப் பையில் சரியாக அடங்குகிறது.

"ஆம்பிளையளின்ரை உடுப்பு," என்று பொத்தானைப் பூட்டுகிறார். "பரவாயில்லை. இதை நான் எடுக்கிறன்."