மதியத்துக்குள் அணைந்த போன்

என் மனைவிக்குக் காது கேட்காது. வீடியோ காலில் சைகையால்தான் பேசிக்கொள்வோம். புது வசதிகள் வரும் என்ற ஆசையில் அவள் போனில், இன்னும் சோதனையில் இருக்கும் பீட்டா அப்டேட்டைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தனியாக ஸ்கேன் எடுக்கப் போனாள். நிறைமாதம். அந்த அப்டேட் சார்ஜைக் குடித்ததில், மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தேன்; கால் போகவே இல்லை.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு அம்மா பேசினார். "கும்மிடிப்பூண்டி ரயில் ஸ்டேஷன்ல பூ விக்கிறேம்பா. உன் சம்சாரம் எங்கூடத்தான் குந்திக்கினு கீது. உன் நம்பர எழுதிக் காட்டுச்சு. பேஜாராவாத, மெதுவா வா."

ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவள், 'சாப்பிட்டாயா?' என்றுதான் சைகையில் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது பீட்டா பக்கமே போவதில்லை. சோதனை முடிந்த முழு அப்டேட் வந்தாலும், மகளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி தலையசைத்த பிறகுதான் போடுகிறேன்.