பாதாம் தின்று பாசுரம் சொன்ன கதை

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பாதாம் பருப்பை எண்ணித்தான் தின்பேன். காலையில் வெறும் வயிற்றில், ஊறவைத்து, தோல் உரித்து, எட்டு. கொட்டை வகைகள் தின்றால் வயதான காலத்தில் மறதி குறையலாம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இரண்டாயிரமாம் வருஷத்துக்கு அப்புறம் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் இதே பேச்சு. ‘குறையலாம்’ என்று இருந்ததை, நான் என் வசதிக்குக் ‘குறையும்’ என்று படித்துக்கொண்டேன்.

பயம்தான் காரணம். என் அப்பா கடைசி இரண்டு வருஷம் என்னைப் பார்த்தே, “தேவரீருக்கு எந்த ஊர்?” என்று கேட்டவர்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்குக் கோயில் கோஷ்டிதான் பரீட்சை. பெருமாள் முன் வரிசையாக நின்று, புத்தகம் இல்லாமல் பாசுரம் ஓத வேண்டும். எனக்கு முதல் வரிசை. குரல் பெரிசு, மண்டைக்கனம் அதைவிடப் பெரிசு. ஒரு வருஷம் இரண்டு தடவை பாசுரத்தில் அடி மறந்து விழித்தேன். இனி நம்மைப் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று நடுங்கிப்போய்த்தான் பாதாமைப் பிடித்தேன்.

“ஏன்னா, வேர்க்கடலை தின்னா ஞாபகம் வராதா? எதுலயும் ஜம்பம்தான் உங்களுக்கு” என்றாள் மனைவி. அவளுக்கு ஒரு பருப்புகூடக் கொடுக்கவில்லை. நான் செய்த தப்பெல்லாம் தேதிவாரியாக நினைவு வைத்திருப்பவளுக்கு எதற்குப் பாதாம்?

மூன்று மாதம் ஒரு பிசகும் இல்லை. கோஷ்டியில் எல்லோரையும் பிடித்துவைத்துப் பாதாம் உபதேசம் செய்தேன். சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் நிற்கும் சிநேகிதன் மட்டும், “ஆமாண்டா, நன்னா வேலை செய்யறது” என்று தலையாட்டுவான்.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் வழக்கம்போலக் கணீரென்று ஓதிக்கொண்டே போனேன். நாலைந்து அடிக்குப் பிறகுதான் உறைத்தது, என் குரல் மட்டும்தான் கேட்கிறது. பாதியில் வேறொரு பாசுரத்துக்குத் தாவியிருக்கிறேன்! மொத்தக் கோஷ்டியும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மானம் கப்பலேறிவிட்டது.

நேரே அவன் வீட்டுக்குப் போய், “எட்டு போறாதுடா, பத்தா ஆக்கணும்” என்று புலம்பினேன்.

போர்வைக்குள்ளிருந்து சிரித்தான். “போடா அசடு. மூணு மாசமா ஒவ்வொரு அடிக்கும் முதல் வார்த்தையை நான்தான் உன் காதுல போடறேன். நீ அதைப் பிடிச்சுண்டு கத்தறே.”

பாதாமுக்கு நான் கட்டிய பட்டமெல்லாம் இவனுக்குச் சேர வேண்டியது. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

“அப்பவே ஏண்டா சொல்லல?”

“சொன்னா நீ வரதையே நிறுத்திடுவே. அப்புறம் நான் யார் பக்கத்துல நிக்கறது?”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி, பாதாம் டப்பாவை எடுத்துவந்து அவன் தலைமாட்டில் வைத்தேன்.

“இனிமே இதை நீ தின்னு. உனக்கு மறந்துதுன்னா ரெண்டு பேரும் காலி.”