தாய்மாமன் கட்டம்

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி என்ற ஊரில் நாச்சம்மாளின் வாய்க்குத் தப்பிய ஆள் கிடையாது. தேங்காய் வியாபாரி, பஞ்சாயத்து மெம்பர், எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் முப்பத்தேழு வருஷமாக மூடிக் கிடந்தது.

அது அவளுடைய தம்பி கருப்புசாமியின் விஷயம். ஆனைமலைப் பக்கம் பிறந்த வீட்டில், இருபது வயதில், அவன் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளினான். நாச்சம்மாளுக்கு வரன் கூடி வந்த நேரம். அப்பா அவனைத் தோப்பு மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டினார். கல்யாணம் முடிந்து இரண்டாம் வருஷம் அங்கேயே செத்துப்போனான். புகுந்த வீட்டில் காய்ச்சல் என்று சொன்னாள். மகன் மோகனசுந்தரத்துக்குக் காது குத்தும்போது தன் சித்தப்பா மகன் ஆறுச்சாமியை உட்கார வைத்து, அவர் மடியில் குழந்தையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தாய்மாமன் என்றால் ஆறுச்சாமிதான்.

மோகனசுந்தரம் கல்யாணமான மறுவருஷம் தட்டைத் தள்ளினான். அன்றைக்கே நாச்சம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊர், பெண்டாட்டி ஆனந்தி சோற்றில் கைமருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்றது. நாச்சம்மாள் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா, ஆனந்தியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறவர்களிடம் மகனை இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு அலைந்தாள். கடைசியில் ஆனந்திதான் தன் அப்பாவோடு ஜீப்பில் வந்து, அவனைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இப்போது மாத்திரையில் தேறி, தோப்புக்குத் தண்ணீர் விடுகிறான்.

அந்த ஆஸ்பத்திரியில் இந்த மனச்சிதைவு நோய் வந்த குடும்பங்களிடம் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்தார்கள். மலையாளி டாக்டர் நிமி முதலில் காகிதத்தில் குடும்பப் படம் போட்டாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம், நோய் இருந்தால் கறுப்பு.

“அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க உண்டோ?”

“ஒரு தம்பிங்க. ஆறுச்சாமி. நல்லாத்தான் இருக்கானுங்க.”

வெள்ளைக் கட்டம் ஒன்று விழுந்தது. படத்தில் மோகனசுந்தரம் மட்டும் கறுப்பாக நின்றான்.

ஆனந்தி தயங்கிக் கேட்டாள். “ஏனுங்க டாக்டர், நானு செஞ்ச எதுனாலயாவது இவுங்களுக்கு இப்படி ஆயிருக்குமுங்களா?”

நாச்சம்மாள் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். ஊர் சொன்னதை இந்தப் பெண்ணே பாதி நம்பியிருக்கிறாள்.

“இல்ல மோளே,” என்றாள் நிமி. “இது ஒரு ஜீன் செய்யற வேலை இல்ல. நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணும் துளித்துளி. உடம்பு முழுக்க அதே ஜீன்தான். மூளையில எது எவ்வளவு வேலை செய்யணும்கிறதுலதான் மாற்றம். உங்க தோப்புல சொட்டுநீர் வால்வு மாதிரி, ஒண்ணு கொஞ்சம் கூட, ஒண்ணு கொஞ்சம் கம்மி. ஒரே மாதிரி ரெட்டைப் பிள்ளைங்கள்லகூட ஒருத்தருக்கு வந்து மத்தவருக்கு வராம இருக்கும். வேற கஷ்டங்களும் சேரணும். யாரு தப்பும் இல்ல.” பேனாவை எடுத்தாள். “அப்போ, குடும்பத்துல முன்னாடி யாருக்கும் இல்லைன்னு எழுதட்டுமா?”

“எழுதாதீங்க,” என்றாள் நாச்சம்மாள். “ஆறுச்சாமி எனக்குச் சித்தப்பன் மவனுங்க. கூடப்பொறந்தவன் கருப்புசாமி. இதே சீக்குதானுங்க. மோட்டார் ரூமுல பூட்டி வெச்சு, அங்கயே செத்துட்டான்.”

நிமி புதுக் கட்டம் போட்டுக் கறுப்படித்தாள். ஆனந்தி அந்தக் கட்டத்தையே பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் என்னைய அனுப்புனீங்களா அத்தை?”

“ஆமா அம்மிணி.”

“அம்மா, யாரு தப்பும் இல்ல,” என்றாள் நிமி மறுபடி.

“ரத்தம் என்னோட தப்பில்லீங்க டாக்டர். அந்த ரெண்டு வருசம் என்னோட தப்புதானுங்க.”

மன்னிப்பு என்ற வார்த்தையை நாச்சம்மாள் எடுக்கவில்லை, எடுக்க யோக்கியதை இல்லை என்று அவளுக்கே தெரியும். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்து கையை நீட்டச் சொன்னாள், நாச்சம்மாள் நீட்டினாள்.

மணி ஒன்றாகியிருந்தது. ஆனந்தி பையிலிருந்து மத்தியான மாத்திரையை எடுத்து மோகனசுந்தரத்தின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் என்ன ஏது என்று பார்க்காமல் விழுங்கினான். ஆனந்தியின் அந்தக் கையிலிருந்துதான் இரண்டு வருஷம் அவனை ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவிடாமல் வைத்திருந்தாள் நாச்சம்மாள்.