கங்காணி நக்கிப் பார்த்த சிவப்புத் தண்ணீர்

இன்று காலை, பாலோ ஊருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கங்காணி சோதனை போட வந்தார்.

எங்கள் நாடகத்தில் காடு எரியும் காட்சி வருகிறது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உள்ளே அரிக்கேன் விளக்கை வைத்து, முன்னால் துரை பங்களாவின் காலி பிராந்தி பாட்டில்களில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன்.

டின்னும் பாட்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கள்ளச்சாராயம்.

"வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல சம்சு காய்ச்சுறீங்களா? துரைகிட்ட சொன்னா நாடகமும் இல்ல, நீங்களும் இல்ல."

"நெருப்பு மாதிரி சிவப்பு வெளிச்சத்துக்குங்க. வேணும்னா மோந்து பாருங்க."

மோந்தார், நம்பவில்லை. விரலை விட்டு நக்கினார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும்! இது ஆரத்தித் தண்ணியாச்சே?"

"ஆமாங்க, சிவப்புக்கு அதுதான் மலிவு."

அவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். "இத்தனை பாட்டில் ஆரத்தித் தண்ணி எதுக்கு? யாருக்குச் சூனியம் வைக்கிறீங்க, வாத்தியாரே?"

சாயங்காலத்துக்குள் தொழிலாளர் லயம் முழுக்க அதே சூனியப் பேச்சு. ஒத்திகைக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை.

சாராயம்தான் என்று ஒத்துக்கொண்டிருந்தால், பிள்ளைகளின் அப்பாக்களாவது வந்திருப்பார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?